எங்கள் வண்டிக்கு ஏற்ற எண்ணெய்

மூன்றாம் ஆண்டு மாணவி, இளம் அறிவியல் (வேதியியல்)

எண்ணெய் என்றதும் நம் பெண்களுக்குத் தலை, தாளிப்பு, விளக்கு ஆகிய மூன்றும்தான் நினைவுக்கு வரும். இம்மூன்றிலும் சேராத நான்காவது எண்ணெய் ஒன்று உண்டு. அதுதான் வண்டியின் என்ஜின் எண்ணெய். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்துகொண்டு, அது எங்கள் வீட்டுக்குப் பால் பணத்தையும், தம்பிக்குப் பள்ளிக்கூடத்தையும், எனக்குக் கல்லூரியையும் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆண்டு மலரில் எழுத இதுவா பொருள் என்று தோழியர் சிலர் சிரித்தனர். சிரித்தவர்களில் பாதிப்பேர் வண்டியில்தான் கல்லூரிக்கு வருகிறார்கள். ஆகவே அவர்களுக்காகவே இதனை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையில், குன்னத்தை அடுத்த ஒரு சிற்றூர். கரிசல் மண். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் எங்கள் பிழைப்பு. மழை பெய்தால் வண்டிச் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் இந்த மண், வெயில் அடித்தால் மாவாகிப் பறக்கும். தார்ச்சாலைக்கு வந்தாலோ சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் கிளப்பும் வெள்ளைத் தூசி. வயலில் கறுப்பு, சாலையில் வெள்ளை. இரண்டையும் தினமும் விழுங்கிக்கொண்டு ஓடுகிறது எங்கள் எக்ஸ்.எல். வண்டி.

வெளிநாடுகளில் மண்பாதையில் ஓட்டுவதற்கென்றே சிறிய மோட்டார் சைக்கிள்களைச் செய்து, மேட்டிலும் பள்ளத்திலும் விட்டு விளையாடுகிறார்களாம். நமக்கு மண்பாதை விளையாட்டன்று, வாழ்க்கை. ஜப்பானில் 1958-ஆம் ஆண்டு வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப் என்னும் சின்னஞ்சிறு வண்டி 2017-க்குள் பத்துக் கோடி எண்ணிக்கையைத் தாண்டியது. அதன் பெருமையெல்லாம் வேகத்தில் இல்லை. கடைக்காரனும் குடியானவனும் வாங்க முடிந்ததில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்த இடத்தைப் பிடித்தது 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50. இருவர் அமர்ந்து செல்லலாம், மூட்டையும் வைக்கலாம். அதன் வழிவந்த எக்ஸ்.எல். வண்டிகளில் வெங்காய மூட்டை, பால் கேன், புல்லுக்கட்டு, பிள்ளைகள் எல்லாம் ஒரே பயணத்தில் போவதை நம் மாவட்டத்தார் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

என் தந்தையார் பல ஆண்டுகள் வைத்திருந்தது பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. அதற்குத் தனியாக என்ஜின் எண்ணெய் பார்க்கும் வேலை இல்லை. பெட்ரோல் போடும்போதே லிட்டருக்கு இருபது மில்லி என்ற கணக்கில் டூ டி எண்ணெயைக் கலந்துவிடுவார்கள். அதாவது ஐம்பதில் ஒரு பங்கு. அந்த எண்ணெய் உருளைக்குள் போய், பிஸ்டனுக்கு வழுவழுப்புத் தந்து, பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து, நீலப் புகையாய் வெளியேறிவிடும். ஒவ்வொரு முறையும் புது எண்ணெய். பழையது என்ற பேச்சே இல்லை.

2015-இல் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. 99.7 சி.சி. கொள்ளளவுள்ள இதில் பெட்ரோல் வேறு, எண்ணெய் வேறு. எண்ணெய் என்ஜினின் அடியில் தேங்கி நின்று, மேலே போய், கீழே வந்து, திரும்பத் திரும்ப அதே வேலையைச் செய்கிறது. எரிந்து போகாததால் அழுக்கைத் தானே சுமக்கிறது. நாளாக ஆகச் சத்து இழக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவும் செய்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் பராமரிப்பில் இரண்டும் வடதுருவமும் தென்துருவமும் போன்றவை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு இந்த மாற்றத்தை யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை.

அதன் விளைவை எங்கள் தெருவிலேயே கண்டேன். பால் ஊற்றிப் பிழைத்த ஒருவர் புதிய வண்டி வாங்கினார். பெட்ரோல் போட்டால் போதும் என்ற பழைய பழக்கத்திலேயே ஓட்டினார். ஒரு சித்திரை மாதத்து விடியலில் இரண்டு கேன் பாலோடு வண்டி நடுவழியில் நின்றது. மெக்கானிக் திறந்து பார்த்தபோது அளவுக்குச்சியில் எண்ணெயே ஒட்டவில்லை. பிஸ்டன் உருளையோடு பிடித்துக்கொண்டிருந்தது. செலவைக் கடன் வாங்கிச் சமாளித்துவிட்டார். ஆனால் வண்டி திரும்பி வருவதற்குள் பதினொரு நாள் ஆயிற்று. அதற்குள் அவருடைய வாடிக்கை வேறொருவர் கைக்குப் போய்விட்டது. அது திரும்பவே இல்லை. இப்போது அவர் லாரியில் மூட்டை ஏற்றுகிறார்.

அந்த நிகழ்ச்சி நடந்த சில வாரங்களுக்குள் எங்கள் வீட்டுக்கும் ஒரு பழைய எக்ஸ்.எல். 100 வந்தது. விடியலில் தந்தையார் பால் சங்கத்துக்குப் போய்வருவார். பிறகு தம்பியைப் பள்ளியில் இறக்கிவிட்டு நான் கல்லூரிக்கு ஓட்டி வருவேன். கல்லூரிக்குப் போகவர மட்டும் 40 கிலோமீட்டர். மாதக் கணக்கில் 1,300 கிலோமீட்டர் வரை ஓடும். எங்கள் ஊருக்கு வரும் காலைப் பேருந்தை நம்பினால் முதல் வகுப்பு தவறிவிடும். வண்டி நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு நாள் நினைத்துப் பார்த்தேன். பால் நிற்காது, தந்தையார் மிதிவண்டியை எடுத்துக்கொள்வார். தம்பி நடந்து போவான். முதலில் நிற்பது என் படிப்புத்தான். யாரும் என்னை நிறுத்த மாட்டார்கள். செலவுக் கணக்கு நிறுத்திவிடும். அன்றிலிருந்து அந்த வண்டியின் எண்ணெய் என் பொறுப்பு என்று முடிவு செய்துகொண்டேன்.

எண்ணெய் மாற்ற வேண்டும் என்று நான் சொன்னபோது தந்தையாருக்கு அது பிடிக்கவில்லை.

“ஓடுற வண்டிய ஏன் பாப்பா நோண்டுற?” என்றார்.

“ஓடுறப்பவே பாக்கணும்ப்பா. நின்னப்புறம் பாத்தா என்ன செய்ய முடியும்?” என்றேன்.

“சரி, மாத்தித்தான் ஆவணும்னா, மோட்டார் கொட்டாயில டீசல் என்ஜினுக்கு வாங்குன எண்ணெய் பாதி கேன் கெடக்கே, அதையே ஊத்திடு. எண்ணெய்ல என்ன சாதி இருக்கு?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. முன்னமே காசு கொடுத்து வாங்கிய எண்ணெய் வீட்டில் இருக்கும்போது, நானூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து இன்னொன்று வாங்குவானேன்? பக்கத்து வீட்டு மாமா, கார் எண்ணெய்தான் உயர்ந்தது, அதை வாங்கு என்றார். கடைத்தெருவில் ஒருவர், பெயர் தெரியாத எண்ணெயை அளந்து ஊற்றித் தருகிறேன், பாதி விலைதான் என்றார். மூவர் சொன்னதையும் எடுத்துக்கொண்டு எங்கள் துறை ஆசிரியரிடம் போனேன். அவர் சிரித்துவிட்டு, “பாகுநிலை பாடத்தைத் தேர்வுக்கு மட்டும்தான் படித்தாயா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் எனக்கு வழி பிறந்தது.

பாகுநிலை என்பது ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் தயக்கம். தேன் தயங்கும், தண்ணீர் தயங்காது. சூடேறினால் தயக்கம் குறையும். எண்ணெய் டப்பாவில் 10டபிள்யூ-30 என்று அச்சிட்டிருப்பார்கள். அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கம் வகுத்த அளவு இது. பின்னால் உள்ள 30 என்பது 100 பாகை செல்சியஸ் சூட்டில் எண்ணெயின் பருமனைக் குறிக்கும் வகுப்பு. முன்னால் உள்ள 10டபிள்யூ என்பது குளிர்ந்த நிலையில் அது எவ்வளவு எளிதாக அசையும் என்பதைக் குறிக்கும் வகுப்பு. டபிள்யூ என்பது குளிர்காலத்துக்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. பெரம்பலூரில் ஏது பனி என்று கேட்கலாம். பனி இல்லாவிட்டாலும் விடியற்காலை என்ஜின் குளிர்ந்துதான் இருக்கிறது. கிக்கரை மிதித்த முதல் சில நொடிகளில் எண்ணெய் மேலே ஏறிச் சேரும்வரை உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. சீக்கிரம் ஏறும் எண்ணெய்க்கு அங்கே மதிப்பு உண்டு.

இதை வீட்டில் சொன்னபோது எங்கள் தாத்தா திண்ணையிலிருந்தே பேசினார். “இதுல என்ன புதுசு? நாங்க கட்டவண்டி ஓட்டுனப்ப வைக்கோலைக் கருக்கி, வெளக்கெண்ணெயில கொழச்சு, அச்சுக்கு மசகு போடுவோம். கோடையில கரி கூடப் போடணும், இல்லாட்டி உருகி ஒழுகிடும். மார்கழியில எண்ணெய் கூட விடணும், இல்லாட்டி சக்கரம் இறுகிடும்.” நான் வியந்து போனேன். பொறியாளர் சங்கம் எண்ணால் எழுதியதைத் தாத்தா கையால் செய்திருக்கிறார். கோடைக்கு ஒரு பதம், குளிருக்கு ஒரு பதம். இன்றைய எண்ணெயில் இரண்டு பதமும் ஒரே டப்பாவில் அடங்கும்படி, சூட்டில் விரியும் நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளைச் சேர்க்கிறார்கள். குளிரில் சுருண்டு கிடக்கும் அவை, சூடேறும்போது விரிந்து, எண்ணெய் நீர்த்துப் போகாமல் தாங்குகின்றன. விளக்கெண்ணெயும் சாதாரணமானதன்று. முதல் உலகப் போரின் விமான என்ஜின்கள் பல ஆமணக்கு எண்ணெயில்தான் ஓடின.

இனி மூவர் சொன்னதற்கும் விடை காண்போம். தந்தையார் காட்டிய டீசல் என்ஜின் எண்ணெய் 20டபிள்யூ-40. அது நஞ்சன்று, நல்ல எண்ணெய்தான். ஆனால் எங்கள் வண்டியின் கையேடு கேட்பது 10டபிள்யூ-30. 40 வகுப்பு அதைவிடக் கெட்டியானது. சிறிய என்ஜினின் குறுகிய வழிகளில் காலையில் அது மெதுவாக ஏறும். பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். தவிர, டீசல் புகைக்கரியைச் சமாளிக்கச் சேர்த்த மருந்துகளின் அளவும் வேறு.

கார் எண்ணெயின் கதை வேறு. காரில் கிளச்சு எண்ணெய்க்கு வெளியே உலர்ந்து இருக்கிறது. எங்கள் வண்டியிலோ கிளச்சு எண்ணெயிலேயே மூழ்கி இருக்கிறது. காருக்கான எண்ணெய்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருளைச் சேர்த்திருப்பார்கள். அது கிளச்சின் பிடிப்பையும் சேர்த்தே குறைத்துவிடும். என்ஜின் உறுமும்; வண்டி நகராது. வெங்காய மூட்டையோடு மேடேறும்போது இப்படி வழுக்கினால் கிளச்சு தீய்ந்துவிடும். இதற்காகவே ஜப்பானியர் 1998-இல் இரு சக்கர வண்டிகளுக்குத் தனித்தரம் வகுத்தனர். ஜாஸோ எம்.ஏ. என்று டப்பாவில் இருந்தால் நனைந்த கிளச்சுக்கு ஏற்றது, எம்.பி. என்று இருந்தால் உராய்வு குறைந்த வகை, கிளச்சு தனியே உள்ள ஸ்கூட்டர்களுக்கு. இன்னொன்று அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஏ.பி.ஐ. தரம். எஸ் என்ற எழுத்துக்குப் பின்வரும் எழுத்து முன்னேற முன்னேறத் தரம் புதியது: எஸ்.எல். 2001, எஸ்.என். 2010, எஸ்.பி. 2020. கையேடு கேட்பதற்குக் குறையாமல் இருந்தால் போதும். அதற்கு மேல் விலை கொடுப்பது அவரவர் வசதி.

அளந்து ஊற்றும் எண்ணெயைப் பற்றி ஒரே சொல்: வேண்டாம். பழைய எண்ணெயை வடிகட்டி நிறமேற்றினாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. மூடியின் முத்திரை உடையாத டப்பா, அதில் தயாரித்த மாதம், விலை, தொகுதி எண் ஆகியவை தெளிவாக உள்ளனவா என்று பார்த்து வாங்க வேண்டும். காலி டப்பாவை வெட்டிவிட்டுத்தான் எறிய வேண்டும். முழுதாக எறிந்தால் போலிக்காரர் கையில் அது மறுபிறவி எடுக்கும்.

இவ்வளவும் கேட்ட தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பால் பணத்திலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்து என் கையில் கொடுத்தார். “நீயே வாங்கி, நீயே மாத்து. நான் பாக்குறேன்” என்றார். மெக்கானிக் அண்ணன் முதலில், “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா இந்த அழுக்கு வேலை?” என்றாலும், இரண்டு முறை கூட இருந்து சொல்லிக் கொடுத்தார். அவர் கற்பித்த முறை இது.

வண்டியைச் சற்று ஓட்டி, எண்ணெய் வெதுவெதுப்பானதும் சமதளத்தில் நடு ஸ்டாண்டு போட வேண்டும். சூடான எண்ணெய் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். கை சுடும் அளவுக்குச் சூடு கூடாது. அடியில் அகன்ற சட்டியை வைத்து வடிகால் போல்ட்டைக் கழற்ற வேண்டும். அதிலுள்ள வாசரைத் தவறவிடாதீர்கள். வடிந்த பின் போல்ட்டைத் துடைத்து, முதலில் விரலாலேயே மரைமாறாமல் முறுக்கி, பிறகு ஸ்பானரால் அளவாக இறுக்க வேண்டும். என்ஜின் அலுமினியத்தால் ஆனது. பலத்தைக் காட்டினால் மரை தேய்ந்துவிடும். பிறகு கையேடு சொன்ன அளவு எண்ணெயை ஊற்ற வேண்டும். குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. கூடினால் எண்ணெய் நுரைத்து, வழுவழுப்பு குன்றும். பாரம் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது எண்ணெய்க்கும் பொருந்தும் போலும்.

வாரம் ஒரு முறை அளவுக்குச்சியைத் துடைத்து, நனைத்து, மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் எண்ணெய் நிற்கிறதா என்று பார்க்கிறேன். எண்ணெய் கறுத்ததைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். கரியைத் தன்னுள் வாங்கிக்கொண்டு வேலை செய்கிறது என்பதற்கும் அதுவே அடையாளம். அஞ்ச வேண்டியது பால்போல் வெளுத்தால். தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். மோந்து பார்த்துப் பெட்ரோல் வாடை வீசினாலும் மெக்கானிக்கிடம் போக வேண்டும். மாற்றும் காலத்தைக் கிலோமீட்டரில் கையேடு சொல்கிறது. நம் தூசியையும் சுமையையும் எண்ணி, நான் அதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்கிறேன்.

தூசி என்றதும் ஏர் ஃபில்டரைச் சொல்லாமல் விட முடியாது. சுண்ணாம்புக்கல் மென்மையானது, கடினத்தன்மை அளவில் அதற்கு எண் 3. ஆனால் அதோடு கலந்து பறக்கும் மணல், எண் 7. அது எஃகையே கீறும். மூச்சு வழியாக உள்ளே போன மணல் எண்ணெயில் கலந்துவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த எண்ணெயும் உப்புத்தாள்போல் தேய்க்கத் தொடங்கிவிடும். பஞ்சு வகை ஃபில்டரானால் சோப்பு நீரில் கசக்கி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் உலர்த்தி, சில சொட்டு எண்ணெய் விட்டுப் பொருத்தலாம். காகித வகையானால் தட்டித் தூசி போக்கலாம், நனைக்கக் கூடாது, காலம் வந்தால் மாற்றத்தான் வேண்டும். அத்துடன் பிளக்கின் முனை செங்கல் நிறமாய் இருக்கிறதா, சங்கிலி தொய்ந்திருக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா, அதிர்வில் நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு ஞாயிற்றுக்கிழமையில் அரை மணி நேரம் போதும்.

வடித்த பழைய எண்ணெயைக் கொல்லையில் கொட்டுவது நம் வழக்கம். கறையான் அரிக்காமல் இருக்க மாட்டுக்கொட்டகைக் கால்களில் பூசுவோரும் உண்டு. அதில் தேய்ந்த உலோகமும், புற்றுநோய் தரவல்ல கரிமச் சேர்மங்களும் உள்ளன. கரிசல் வெடிப்பின் வழியே அது எங்கே போகும்? நம் கிணற்றுக்குத்தான். 2016-ஆம் ஆண்டின் விதிகள் இதைத் தீங்குள்ள கழிவு என்றே வகைப்படுத்துகின்றன. நான் பழைய கேனில் சேர்த்துவைத்து மெக்கானிக் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்வோர் அவர் கடைக்கு வருகின்றனர்.

நம் இரு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரத்தை நாம் சுற்றுலாவில் பார்த்திருக்கிறோம். அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் நத்தைபோல் சுருண்ட கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது என்பதற்கு அவையே சான்று. அக்கடலின் ஓடுகள்தாம் இன்று சிமென்டாகின்றன. லாரித் தூசியாயும் பறக்கின்றன. பூமியின் எண்ணெயும் இத்தகைய தொல்கடல்களில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் புதைந்து, வெந்து உண்டானதுதான். இத்தனை கோடி ஆண்டுகள் காத்திருந்து வந்த பொருளை அறிந்து, அளந்து பயன்படுத்துவது நம் கடமையல்லவா?

தோழியரே! வண்டி ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. அதன் கையேட்டைத் தேடி எடுத்து ஒரு முறை படியுங்கள். இருக்கைக்குள் கிடக்கும் ஸ்பானரைக் கையில் எடுங்கள். நகத்தில் ஏறிய கறை சோப்பில் போய்விடும். எங்கள் வண்டி இன்றுவரை வழியில் நின்றதில்லை. இந்த மூன்று ஆண்டுகளில் வண்டியினால் நான் ஒரு வகுப்பையும் இழந்ததில்லை. இப்போது தெருவில் நான்கு வீட்டார், எண்ணெய் வாங்கப் போகுமுன் டப்பாவில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு போகிறார்கள். அவர்களுள் ஒருவர், லாரியில் மூட்டை ஏற்றும் அந்தப் பால்காரர். மறுபடியும் ஒரு பழைய வண்டி வாங்கியிருக்கிறார். முதல் நாளே அளவுக்குச்சியை உருவிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து, “சரியாப் பாத்துச் சொல்லும்மா” என்றார். எண்ணெய் மேல்கோட்டில் நின்றது.